வாத்து சுடப் போற தம்பிக்கு நாலு டஜன் பொம்மை எதுக்கு?

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு தம்பி கூப்பிட்டார். சான் ஹொசே பக்கம் ஆணி புடுங்குற நம்ம ஊர்க்காரர்தான். வேட்டைக் கல்வி வகுப்பு முடிச்சு, பரீட்சை பாஸ் பண்ணி, லைசென்ஸ் எடுத்து, 25 டாலர் கொடுத்து வாத்து ஸ்டாம்பும் வாங்கிட்டார். குரல்ல புது மாப்பிள்ளை சந்தோஷம். "அண்ணே, டிகாய் வாங்கப் போனேன். கடைக்காரர் ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுத்தார். படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சார்.

மேக்னம் சைஸ் மல்லார்டு மூணு டஜன். ஊசிவால் ஒரு டஜன். பேட்டரியில இறக்கை சுத்துற பொம்மை ரெண்டு. தண்ணியக் கலக்குற மோட்டார் ஒண்ணு. வாத்து (கூஸ்) பொம்மை அரை டஜன், "நம்பிக்கை வர்றதுக்கு". அதையெல்லாம் அள்ளிப் போட மூணு மூட்டை, மூட்டையை இழுக்க பிளாஸ்டிக் சறுக்குவண்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர் சொச்சம், வரி தனி.

துப்பாக்கியே ஐநூறு டாலருக்குத்தான் வாங்கியிருக்கார் மனுஷன்.

"தம்பி, நீங்க வேட்டைக்குப் போறீங்களா, இல்ல பொம்மைக் கடை வைக்கப் போறீங்களா"ன்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டார். அந்தக் கோவத்துக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுத உட்கார்ந்தேன். அவருக்கு மட்டுமில்ல, அவரை மாதிரி வருஷா வருஷம் அக்டோபர் மாசம் கடைவாசல்ல மாட்டிக்கிற எல்லாருக்கும்.

டிஸ்கி: சைவ நண்பர்கள் இத்தோட எழுந்துக்கலாம், வருத்தமில்லை. இந்தியாவில் இருந்து படிக்கிறவங்க ஒண்ணு மனசுல வைங்க. அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. வேடந்தாங்கல் வாத்தைப் பத்தி இங்க யாரும் பேசலை. பேசுறது கலிஃபோர்னியா மத்தியப் பள்ளத்தாக்கு, பொது வேட்டை நிலம், சட்டம் சொன்ன சீசன், சட்டம் சொன்ன எண்ணிக்கை.

முதல்ல பேரு. டிகாய்க்குத் தமிழ்ல என்னன்னு யோசிச்சா, பழைய வார்த்தையே இருக்கு: பார்வை. பார்வை மிருகம், பார்வைப் பறவைன்னு அகராதியில இருக்கும். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைப் பிடிக்கிறது. ஊர்ல கூண்டுக் கவுதாரியை வச்சுக் காட்டுக் கவுதாரியைப் பிடிச்சதைப் பார்த்தவங்க இதைப் படிக்கிறவங்கள்ல இருப்பீங்க. ஆனா இன்னைக்கு "பார்வை வாங்கினேன்"னு எழுதினா கண்ணாடிக் கடைக்குப் போனேன்னு நினைப்பீங்க. அதனால பொய்வாத்துன்னே வச்சுக்குவோம்.

இப்போ என் கதை. எனக்கும் இதே மாதிரி ஒரு லிஸ்ட் கிடைச்சுது, வேற கடை, வேற வருஷம். நானும் வாங்கினேன். மூணு டஜன். எடைக்கட்டி எல்லாம் மாட்டி, குளியலறைத் தராசுல தூக்கி வச்சுப் பார்த்தப்ப 62 பவுண்டு காட்டிச்சு. தங்கமணி கதவு ஓரமா நின்னு பார்த்துட்டு, "இதுல பாதி எடைக்கு நீங்க வீட்டுல அரிசி மூட்டை தூக்கினதில்லையே"ன்னாங்க. நியாயமான கேள்வி. பதில் சொல்லலை.

பொது நிலம்னா எப்படின்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். குலுக்கல்ல பேரு வரணும். வரலைன்னா ராத்திரியே போய் வரிசையில கிடக்கணும். விடியறதுக்கு ரொம்ப முன்னாடி உள்ளே விடுவாங்க. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னாடி சுடும் நேரம் தொடங்கும். அதுக்குள்ள இருட்டுல, நெஞ்சு வரைக்கும் ரப்பர் கால்சட்டை மாட்டிக்கிட்டு, முழங்கால் தண்ணியில, கணுக்கால் சேத்துல, ஒரு மைல் நடக்கணும். படகு கிடையாது, வண்டி கிடையாது. டூலி மூடுபனி இறங்கிட்டா முன்னாடி போற ஆளோட தலைவிளக்கு கூட தெரியாது.

62 பவுண்டோட நான் நடந்தேன். ரெண்டு தடவை விழுந்தேன். ரெண்டாவது தடவை கால்சட்டைக்குள்ள தண்ணி போயிடுச்சு, டிசம்பர் மாசத் தண்ணி. இடத்துக்குப் போய்ச் சேரும்போதே பக்கத்துக் குளத்துல டமார் டமார்னு ஆரம்பிச்சாச்சு. மூட்டையைத் திறந்தா முப்பத்தாறு பொம்மையோட கயிறும் சேர்ந்து ஒரே ஜடை. நோட்டீஸ் ஒட்டுற மாதிரி விடிஞ்சு வருது, நான் உட்கார்ந்து சிக்கு எடுக்கிறேன். தலைக்கு மேல ஊசிவால் கூட்டம் போகுது, நான் கயிறு பிரிக்கிறேன்.

இதோட போயிருந்தா காமெடின்னு சிரிச்சிட்டுப் போயிருப்பேன்.

முப்பத்தாறையும் போடணுமே, காசு கொடுத்தாச்சே! பரப்பிப் பரப்பிப் போட்டதுல கடைசி பொம்மை என்கிட்ட இருந்து அறுபது கெஜத்துக்கு அந்தாண்ட கிடக்குது. ஒரு ஆண் ஊசிவால் இறங்கி வந்துச்சு. அழகா, காத்துக்கு எதிரா, காலை நீட்டிக்கிட்டு. எங்கே இறங்கும்? பொம்மைக் கூட்டத்தோட ஓரத்துல, வெளிப்பக்கம். "பொய்வாத்துக்கு மேல வந்துட்டா சுடலாம்"னு யாரோ சொன்னது மண்டையில ஓடிச்சு. எழுந்து சுட்டேன். ஒரு பக்கம் சாஞ்சுச்சு, விழுந்துச்சு, தலையை நிமிர்த்திச்சு, நீந்திக் கோரைக்குள்ள போயிடுச்சு. என்கிட்ட நாய் கிடையாது. ஒன்றரை மணி நேரம் கோரையை விலக்கி விலக்கித் தேடினேன். கிடைக்கலை. அன்னைக்கு அதுக்கப்புறம் துப்பாக்கியில குண்டு போடலை.

அந்தப் பறவையைக் கணக்குல எழுதிக்கிட்டேன். அப்போ ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஊசிவால்தான் அனுமதி. என் ஒண்ணு முடிஞ்சுது, கையில எதுவும் இல்லாமலே.

தப்பு என்னோடதுதான், தூரம் தெரியாம சுட்டது. கடைக்காரர் தலையில போட மாட்டேன். ஆனா புதுசா வர்றவனுக்குத் தூரம் தெரியாதுன்னு தெரிஞ்சவங்கதான் அவன்கிட்ட மூணு டஜன் விக்கிறாங்க. என் கோவம் அங்கதான்.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன். தண்ணிப் பறவைக்கு ஈயக்குண்டு அமெரிக்கா முழுக்க 1991-லேயே போச்சு. கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்குமே ஈயம் கூடாது. நாம சுடறது பெரும்பாலும் ஸ்டீல். ஈயத்தைவிட அடர்த்தி குறைவு, சீக்கிரம் வேகம் இழக்கும். முப்பது கெஜத்துல சுத்தமா கொல்ற குண்டு அறுபதுல வெறுமனே காயப்படுத்தும். பழகின கைக்கே நாப்பதுக்கு மேல யோசனை வரணும். அதுவும் இருட்டு பிரியற நேரத்துல, தண்ணி மேல, தூரத்தைக் கண்ணால அளக்குறது பெரிய வித்தை. மரம் கிடையாது, கம்பம் கிடையாது, ஒப்பிட ஒண்ணுமே கிடையாது.

ஒண்ணே ஒண்ணைத் தவிர. பொய்வாத்து.

புதுசா வர்றவனுக்குப் பொய்வாத்தோட முதல் வேலை வாத்தைக் கூப்பிடறது இல்லைங்க. அது அளவுகோல். நிக்கிற இடத்துலேருந்து முப்பது தப்படி எண்ணி நட, கடைசி பொம்மையை அங்க போடு. அதைத் தாண்டி இருக்கிற வாத்து உன் வாத்து இல்லை, எவ்வளவு ஆசையா இருந்தாலும் உட்காரு. இதை எந்தப் பெட்டியிலயும் அச்சடிச்சுக் கொடுக்க மாட்டான். ஏன்னா முப்பது தப்படிக்குள்ள முப்பத்தாறு பொம்மை போட்டா நடுவுல வாத்து இறங்க இடமே இருக்காது. ஒரு டஜன் போதும்னு ஆயிடும். வியாபாரம் என்ன ஆகிறது?

"அண்ணே, நிறைய இருந்தாத்தானே நம்பும்?" தம்பி கேட்டார். எல்லாரும் கேட்கிறதுதான்.

நான் பொறந்தது மன்னார்குடிப் பக்கம். அறுவடை முடிஞ்ச வயல்ல தாரா மேய்க்க வருவாங்க, நூத்துக்கணக்குல வாத்து. சின்ன வயசுல வரப்புல உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டிருப்பேன். மேயும்போது ஒண்ணுக்கொண்ணு நல்லா இடம் விட்டுத்தான் மேயும். அங்க ரெண்டு, இங்க மூணு. நாயோ பருந்தோ வந்துட்டா எல்லாம் ஒண்ணா நெருங்கி, கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கும். நெருக்கமா நிக்கிற வாத்து பயந்த வாத்து. இது அந்த மேய்க்கிற பையனுக்குத் தெரியும். மூணு டஜன் பொம்மையைக் குளத்துல நெருக்கி அடுக்கி வைக்கிறவங்க, மேல பறக்கிற கூட்டத்துக்கு "இங்க என்னமோ சரியில்லை"ன்னு போர்டு மாட்டி வைக்கிறாங்க.

கூட்டம் கூட்டமா பறக்கிறதைப் பார்த்துட்டு, கூட்டமா போட்டாத்தான் வரும்னு நினைக்கிறோம். சீசன் கடைசியில, ஜனவரியில, பறவை ஜோடி சேர ஆரம்பிச்சிருக்கும். ரெண்டு, நாலுன்னு சின்னக் குட்டைக்குத்தான் ஒதுங்கும். சுத்துவட்டாரத்துல எல்லாரும் மூணு டஜன் போட்டு வச்சிருக்கிற பொது நிலத்துல, ஆறே ஆறு போட்டவன் இடம்தான் வித்தியாசமா தெரியும்.

சரி, அப்ப என்னதான் வாங்கறது? என் பட்டியலைச் சொல்லிடறேன். திட்டறவங்க திட்டிக்கலாம்.

ஒரு டஜன். அதுக்கு மேல ஒண்ணு கூட வேண்டாம், முதல் ரெண்டு சீசனுக்கு.

சைஸ் ஸ்டாண்டர்டு. மேக்னம் பெரிசா இருக்கிறதால தூரத்துலேருந்து தெரியும்னு சொல்வாங்க. உண்மைதான், பெரிய திறந்த தண்ணியில. நீங்க நிக்கப்போறது கோரை சூழ்ந்த ஒரு ஏக்கர் குட்டை. மேக்னத்தோட கூடுதல் எடையை வாத்து சுமக்காது, உங்க தோள்தான் சுமக்கும்.

அடிக்கட்டை ரெண்டு வகை. உள்ளே மணல் மாதிரி எடை வச்சு மூடினது ஒண்ணு, தண்ணி புகுந்து நிக்கிற வெற்றுக் கட்டை இன்னொண்ணு. எடை வச்சது எப்படித் தூக்கிப் போட்டாலும் நிமிர்ந்துக்கும், காத்துல ஒழுங்கா ஆடும். வெற்றுக் கட்டை லேசு, விலையும் கம்மி, ஆனா கையால நேரா வைக்கணும், இல்லைன்னா கவுந்து கிடக்கும். படகுலேருந்து வீசறவனுக்கு முதல் வகை வேணும். முழங்கால் தண்ணியில நடந்துபோய் ஒவ்வொண்ணா வைக்கிற நமக்கு ரெண்டாவதே தாராளம். இதைக் கடையில சொன்னா ஏதோ ஏழைக்கு இரங்குற மாதிரி பார்ப்பாங்க. பார்க்கட்டும்.

கயிறு. இதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பொம்மையில மிச்சம் பிடிச்சு கயிறுல செலவு பண்ணுங்க. டெக்சாஸ் ரிக்குன்னு சொல்ற முறை: மூணு நாலு அடி தடிச்ச நைலான் நரம்பு, ஒரு முனையில வளையம், மறுமுனையில நாலு அவுன்ஸ் எடைக்கட்டி, நரம்பு பொம்மையோட மூக்குத் துளையில ஓடும். எல்லா வளையத்தையும் ஒரே கொக்கியில கோத்துத் தூக்கினா பொம்மையெல்லாம் எடைக்கட்டி வரைக்கும் சரிஞ்சு கொத்தா நிக்கும், சிக்கே ஆகாது. நம்ம ஊர்ல மீன் கோத்துத் தூக்கிட்டு வர்ற மாதிரி. அந்த டிசம்பர் காலையில எனக்கு இது தெரிஞ்சிருந்தா... சரி விடுங்க.

இனம். கடையில எல்லாம் மல்லார்டு, மல்லார்டு, மல்லார்டு. அட்டைப்படத்துல பச்சைத்தலை மின்னணும் இல்லையா. மத்தியப் பள்ளத்தாக்குக்கு வர்றது ஊசிவால், விஜன், பச்சைச்சிறகு கிளுவை, தட்டைவாயன் எல்லாம் கலந்து. (ஊசிவாலும் தட்டைவாயனும் நம்ம வேடந்தாங்கல், கோடியக்கரைப் பக்கம் குளிர்காலத்துக்கு வர்ற அதே இனங்கள்தான். முதல் தடவை இங்க பார்த்தப்ப ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.) ஆறு மல்லார்டு, நாலு கிளுவை, ரெண்டு ஆண் ஊசிவால். முடிஞ்சுது. கிளுவை பொம்மை உள்ளங்கை ரெண்டு சேர்த்த அளவுதான், எடையே தெரியாது. ஊசிவாலோட வெள்ளை மார்பு தூரத்துலேருந்து கண்ணுக்குப் படும். மேக்னம் செய்யறதா சொல்ற வேலையை அந்த ரெண்டு வெள்ளை பண்ணிடும்.

இதுல பெட்டை எத்தனை? இதை யாருமே கேட்க மாட்டாங்க. பெட்டியில பெரும்பாலும் ஆண்தான் அதிகம் வச்சிருப்பான், ஏன்னா பச்சைத்தலை விக்கும். ஆனா சீசன் ஆரம்பிக்கிற அக்டோபர்ல ஆண் மல்லார்டே கோடையில இறகு உதிர்த்துப் பழுப்பாகி, இன்னும் முழுசா நிறம் திரும்பாம இருக்கும். பாதிக் கூட்டம் பெட்டை மாதிரிதான் தெரியும். அந்த நேரத்துல பளபளன்னு பச்சைத்தலையா மிதக்க விட்டா, ஆடி மாசம் தீபாவளி டிரஸ் போட்ட மாதிரி. நான் ரெண்டு ஆணை வீட்டுல மிச்சம் இருந்த பழுப்பு பெயிண்ட்டால பெட்டையாக்கிட்டேன். பளபளப்பு இல்லாத பெயிண்ட்டா இருக்கணும், அது முக்கியம். வெயில்ல மின்னுற பொம்மையைவிட நிறம் மங்கின பொம்மை எவ்வளவோ தேவலை. தங்கமணி, "ரெண்டு ஆம்பளையைத் திருத்திட்டீங்க, மூணாவது பாக்கி"ன்னாங்க :-)

பழசு கிடைச்சா பழசே வாங்குங்க. எங்கே கிடைக்கும்னு கேட்காதீங்க. போன வருஷம் இதே கடையில நாலு டஜன் வாங்கி, ஒரே சீசன்ல முதுகு பிடிச்சு விட்டுட்டுப் போனவங்க வீட்டு கராஜ்ல கிடைக்கும். எங்கிட்டயே ஒரு டஜன் அப்படி வந்ததுதான், 40 டாலர். கொடுத்தவர் பாவம், துப்பாக்கியையும் வித்துட்டார். ரெண்டு சீசன் நின்னிருந்தா நல்ல வேட்டைக்காரரா ஆகியிருப்பார்னு எனக்குப் படுது. ஒரே மாசத்துல ரெண்டாயிரம் டாலர் போட்டவருக்கு, ரெண்டாயிரத்துக்கு உண்டான வாத்து வரலைங்கிற எரிச்சல்தான் மிச்சம். பறவையைப் பார்த்துக் கத்துக்கிற பொறுமை அந்த எரிச்சல்ல போயிடுது.

இப்ப இறக்கை சுத்துற பொம்மைக்கு வர்றேன். இதுல நான் நேர்மையா இருக்கணும். அது வேலை செய்யும். 2002-ல மினசோட்டாவுல வேட்டையோட வேட்டையா ஆய்வே பண்ணிப் பார்த்தாங்க. சுத்தும்போது மல்லார்டு கூடுதலா வந்துச்சு, கூடுதலா விழுந்துச்சு. அவ்வளவு நல்லா வேலை செய்யறதாலதான் கலிஃபோர்னியாவுல சீசன் தொடக்கத்துலேருந்து நவம்பர் 30 வரைக்கும் பேட்டரியில சுத்துறதைப் போடக் கூடாதுன்னு விதி. அதாவது, அனுபவமில்லாத இளம் பறவைகள் ஏமாறுற மாசங்கள்ல அது மூட்டைக்குள்ளயே கிடக்கணும். டிசம்பர்ல எடுக்கும்போது பறவை பாதி பேர் அதைப் பார்த்து ஏற்கனவே சூடு பட்டிருக்கும், வடக்கேயிருந்து வர்ற வழியெல்லாம் அதே சுழற்சியைப் பார்த்துட்டு வந்திருக்கும். இதுக்குத்தான் தம்பி லிஸ்ட்ல ரெண்டு! விதி என்னன்னு கடையில சொன்னாங்களான்னு கேட்டேன். "சொல்லலையேண்ணே"ன்னார்.

அசைவு வேணும்தான். காத்தே இல்லாத காலையில அசையாத பொம்மையைவிட மோசமான விளம்பரம் கிடையாது. அதுக்கு இழுகயிறு போதும். ஒரு குச்சி, ஒரு முழம் ரப்பர் கயிறு, முப்பது கெஜம் கறுப்புக் கயிறு, அதுல மூணு பொம்மை. குச்சியைத் தண்ணியில ஊன்றி, மறுமுனையைக் கையில பிடிச்சுக்கிட்டு அப்பப்ப சுண்டினா போதும், குட்டை முழுக்க அலை பரவும். பன்னெண்டு டாலர் செலவு, பேட்டரி கிடையாது. வாத்து நேரா உங்களைப் பார்க்கும்போது மட்டும் சுண்டாதீங்க.

காத்து பின்னாடி இருக்கிற மாதிரி உட்காருங்க, வாத்து காத்துக்கு எதிராத்தான் இறங்கும். நடுவுல இருபது தப்படி தூரத்துல ஒரு வெற்றிடம் விடுங்க. இதுக்கு மேல அமைப்பு, ஜே வடிவம், யூ வடிவம்னு ஜல்லியடிக்கிறவங்களை நம்பாதீங்க. மேலேருந்து பார்க்கிற வாத்துக்கு எழுத்துத் தெரியாது.

அழகும் வேணாம். இன்னைக்கு ஒவ்வொரு இறகையும் வரைஞ்சு, தலைக்கு வெல்வெட் ஒட்டி, ஆறு பொம்மை நூறு டாலருக்கு மேல விக்கிறாங்க. அழகுன்னா எனக்கும் பிடிக்கும். மசாசூசெட்ஸ்ல எல்மர் குரோவல்னு ஒருத்தர் மரத்துல செதுக்கின பொய்வாத்து 2007-ல ஒண்ணு 11 லட்சம் டாலருக்கு மேல போச்சு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்க. மேரிலாந்துல ஹாவ்ரே டி கிரேஸ்ல இதுக்குன்னு மியூசியமே இருக்கு. அதெல்லாம் மனுஷனைப் பிடிக்கிற பொம்மை. வாத்தைப் பிடிக்கிற பொம்மை பார்க்கணும்னா நெவாடா லவ்லாக் குகைக்கு வாங்க. 1924-ல அங்க தோண்டினப்ப பதினோரு பொய்வாத்து கிடைச்சுது. டூலிக் கோரையை முறுக்கிக் கட்டி, நிறம் பூசி, இறகு சொருகினது. சுமார் ரெண்டாயிரம் வருஷம் பழசு. எண்ணிக்கையைக் கவனிச்சீங்களா? பதினொண்ணு. மூணு டஜன் இல்லை :-) (இது வாதம் இல்லைன்னு தெரியும், குகையில மிஞ்சினதுதான் அது. ஆனாலும் சொல்லிக்கிட்டேன்.) எந்தக் கோரையில நான் ஊசிவாலைத் தொலைச்சேனோ அதே கோரை வகைதான்.

டெக்சாஸ் கடற்கரை நெல்வயல்கள்ல வெள்ளைத் துணியையும் டயப்பரையும் தரையில விரிச்சுப் போட்டே பனிவாத்துக் கூட்டத்தை இறக்கியிருக்காங்க. கறுப்பு பெயிண்ட் அடிச்ச பிளீச் டப்பாவுக்கு வாத்து வந்திருக்கு. 1935 வரைக்கும் உயிருள்ள வாத்தையே காலில் கயிறு கட்டி மிதக்க விட்டாங்க. அது ரொம்ப நல்லா வேலை செஞ்சதாலதான் அரசாங்கம் தடை பண்ணுச்சு. பொம்மையைவிட இடம் முக்கியம். வாத்து எங்கே வரணும்னு ஆசைப்படுதோ அங்கே நீ இருக்கணும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ரெண்டு சாயங்காலம் கரையில பைனாகுலரோட உட்கார்ந்தா, ரெண்டு டஜன் பொம்மை சம்பாதிச்ச மாதிரி.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு பங்கு கொடுத்துடறேன். சான் பாப்லோ விரிகுடாவுல படகு வச்சுக்கிட்டு முக்குளி வாத்து சுடறவங்களுக்கு டஜன் கணக்குல நீளக் கயிறுல கோத்துப் போட வேண்டியிருக்கும், அது வேற உலகம். பனிவாத்துக்கு நூத்துக்கணக்குல வேணும். சொந்த கிளப், சொந்தக் குளம், அக்டோபர்ல போட்டுட்டு ஜனவரியில எடுக்கிறவங்க எத்தனை டஜன் வேணா போடட்டும், தோள்ல சுமக்கலையே. அவங்க எழுதின அறிவுரையைப் பொது நிலத்துக்கு நடந்துபோற தம்பிக்கு விக்கிறதுதான் எனக்கு ஆகலை.

போன சீசன்ல ஒருநாள் எனக்குப் பக்கத்துக் குட்டையில ஃபிரெஸ்னோவிலிருந்து வந்த மோங் குடும்பத்துப் பையன் ஒருத்தன், இருபது வயசு இருக்கலாம். ஸ்கூல் பையில ஒன்பது பொம்மை. அஞ்சு கிளுவை, நாலு நாமக்கோழி. நாமக்கோழியை யாரு சுடுவா, யாரு போடுவா? அதுதான் விஷயம். நாமக்கோழி நிம்மதியா மிதக்கிற இடம் ஆபத்தில்லாத இடம்னு வாத்துக்குத் தெரியும். ஒன்பது மணிக்கெல்லாம் நாலு கிளுவை, ஒரு தட்டைவாயன் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டான். உள்ளே கொண்டுபோக அனுமதிச்ச இருபத்தஞ்சு குண்டுல எத்தனை செலவாச்சுன்னு கேட்டேன். எட்டுன்னான். அவ்வளவும் இருபத்தஞ்சு தப்படிக்குள்ள. அவன் சறுக்குவண்டி இல்லாம கரையேறிப் போறதை நான் பார்த்துக்கிட்டே நின்னேன். நாலு நாமக்கோழி மறுவாரமே நானும் வாங்கிட்டேன்னு ஒத்துக்கறேன், டஜனுக்கு மேல போயிடுச்சு. தங்கமணிக்கு இன்னும் தெரியாது.

மிச்சமாகிற காசுக்கு ஒரு யோசனை. 1934-லேருந்து வித்துக்கிட்டிருக்கிற அந்த வாத்து ஸ்டாம்ப்பை இன்னொண்ணு வாங்குங்க. டாலருக்கு 98 சென்ட் நேரா நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகுது. இந்தப் பள்ளத்தாக்குல இயற்கையான சதுப்புநிலம் 90 சதவீதத்துக்கு மேல போயாச்சு. மிச்சத்துல பெரும் பங்கு இந்த மாதிரிக் காசும், 1991 சட்டத்துக்கப்புறம் வைக்கோலைக் கொளுத்தாம தண்ணி கட்டி அழுகவிடுற நெல் விவசாயிகளும்தான். குளிர்காலத்துல சாக்ரமெண்டோ பக்கம் அந்தத் தாளடி வயல்ல தண்ணி நிக்கிறதையும் அதுல வாத்து மேயறதையும் ஒரு தடவை காரை நிறுத்திப் பாருங்க. டெல்டாக்காரனுக்குத் தொண்டை அடைக்கும்.

தம்பிகிட்ட இதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசினேன். பாதியில போன் சார்ஜ் போயி, காருக்குள்ள உட்கார்ந்து மிச்சத்தைப் பேசினேன். கடைசியில, "சரிண்ணே, மூணு டஜனைத் திருப்பிக் கொடுத்துடறேன். சுத்துற பொம்மை ஒண்ணு மட்டும் வச்சுக்கவா, ஆசையா இருக்கு"ன்னார். வச்சுக்கட்டும். நவம்பர் 30 தேதியைக் காலண்டர்ல குறிச்சுக்கச் சொன்னேன்.

வர்ற சனிக்கிழமைக்கு எங்க ரெண்டு பேருக்கும் குலுக்கல்ல இடம் விழுந்திருக்கு. ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பணும். இட்லி நான் கொண்டு வர்றேன், முப்பது தப்படி அவர் எண்ணணும், அவர் மூட்டையை அவர்தான் தூக்கணும்னு சொல்லிட்டேன்.